கயிறு அவிழ்க்கும் முன் சம்பளம்

போன வாரம் எழுதியபோது நீவெஸை, வாடகைப் படகுகள் கட்டிக்கிடக்கும் எங்கள் மரீனாத் துறையின் டீசல் பம்புக்குப் பக்கத்தில் வாயடைத்துப் போய் நிற்க வைத்துவிட்டு நான் பாட்டுக்குக் கிளம்பிவிட்டேன். அவள் ஒன்றும் எனக்காகக் காத்திருக்கவில்லை. டீசலை நிரப்பி, படகைக் கொண்டுபோய்க் கட்டி, வீட்டுக்கு வந்து, அப்பா வைத்திருந்த மீன் சூப்பைச் சூடுகூடப் பண்ணாமல் குடித்துவிட்டுப் படுத்தாள். தூக்கம்தான் கிட்டே வரவில்லை.

அவளைக் கலக்கியது பார்தோல் பேச்சுவாக்கில் சொன்ன ஒரு விஷயம். பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்துத் தீவுகளைச் சுற்ற வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் படகு ஓட்டத் தெரியாது. அவர்களுக்கு ஓட்டித் தருவதற்கு எங்கள் கரையில் ஸ்கிப்பர்கள் உண்டு. யாருக்கும் நிரந்தர வேலை கிடையாது, வாரக்கூலிதான். பார்தோல் அப்படி ஒருவன், நீவெஸ் அப்படி ஒருத்தி. இரண்டு பேரும் ஓட்டுவது டிங்கோவின் படகுகளை. பார்தோலுக்கு டிங்கோ முன்பதிவு ஆன அன்றே பாதிச் சம்பளம் அனுப்பிவிடுகிறாராம். மீதிப் பாதி சனிக்கிழமை, படகின் கயிற்றை அவிழ்க்கும் முன். "உனக்கும் அப்படித்தானே?" என்று வேறு கேட்டான்.

நீவெஸுக்கு அப்படி இல்லை. அவள் டிங்கோவின் மச்சினி. அக்கா ஸோரானாவின் புருஷன் என்பதால் ஐந்து வாரமாக ஒரு காசு வாங்காமல் அவருடைய பெரிய படகை ஓட்டிக்கொண்டிருக்கிறாள். கேட்டபோதெல்லாம் 'அக்டோபர்' என்று பதில். சீசன் முடியட்டும், மொத்தமாக வாங்கிக்கொள். போன வருடமும் அக்டோபர் வந்தது. பாதிப் பணம் வந்தது. மீதிப் பாதியை ஈஸ்டர் வரை கேட்டுவிட்டு, வெட்கப்பட்டு நிறுத்திவிட்டாள். கொடுக்க வேண்டியவர் வெட்கப்படவில்லை, வாங்க வேண்டியவள் வெட்கப்பட்டாள். சொந்தக்காரர்களிடம் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும்.

முன்பெல்லாம் இந்தத் தொல்லை கிடையாது. விருந்தாளிகள் சனிக்கிழமை படகில் ஏறியதும் ஸ்கிப்பர் கையில் பணத்தை வைப்பார்கள். வைத்த பிறகுதான் கயிறு அவிழும். இரண்டு கோடைக்கு முன் டிங்கோ எல்லாவற்றையும் ஒரே விலையாக்கினார். படகு, ஸ்கிப்பர், படுக்கை விரிப்பு, சமையல் காஸ் எல்லாம் அதில் அடக்கம். பணம் முழுக்க அவரிடம் வந்துவிடும். "காசு பேசி நீ எதுக்கு முகத்தைக் கெடுத்துக்கறே, நான் பாத்துக்கறேன்" என்றார். இதையே வெளியாள் சொல்லியிருந்தால் எழுதி வாங்கியிருப்பாள். அக்கா புருஷன் சொன்னதால் நன்றி சொன்னாள். எங்கள் ஊரில் குடும்பத்துக்குள் ஒப்பந்தம் போடலாமா என்று கேட்டால், 'ஏன், யாராவது சாகப் போகிறார்களா' என்கிற மாதிரி பார்ப்பார்கள்.

டிங்கோவைத் திருடன் என்று நினைத்துவிடாதீர்கள். மரீனாவில் யார் காபி குடித்தாலும் காசு கொடுப்பது அவர்தான். பக்கத்து மேஜைக்காரன் பர்ஸை எடுப்பதற்குள் பணியாளரிடம் கண் ஜாடை காட்டி முடித்திருப்பார். அப்படிப்பட்ட மனிதர் சம்பளம் பாக்கி வைத்திருக்கிறார் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கையில் வருகிற பணம் மூன்றாவது படகின் தவணைக்கு ஓடுகிறது. மிச்சம், கொடுக்காவிட்டால் விட்டுவிட்டுப் போகக்கூடியவர்களுக்கு ஓடுகிறது. விட்டுவிட்டுப் போக முடியாதவர்களுக்கு அக்டோபர்.

எங்கள் கரையில் நாலு மாத வருமானத்தில் பன்னிரண்டு மாதம் சாப்பிட வேண்டும். நீவெஸ் மூன்று குளிர்காலம் அயர்லாந்தில் மீன் வெட்டும் ஆலையில் ரப்பர் பூட்ஸோடு நின்றுவிட்டு, இனி செத்தாலும் போகமாட்டேன் என்று ஊர் திரும்பியவள். ஒற்றை ஆள் தொழில் என்று பதிவு செய்திருப்பதால், சம்பளம் வந்தாலும் வராவிட்டாலும் மாதா மாதம் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டியது ஒன்று இருக்கிறது. மூன்று மாதமாக அதற்கு அப்பாவின் ஓய்வூதியத்தில் கை வைத்துக்கொண்டிருக்கிறாள். இந்தக் கோடைப் பணம் வராவிட்டால் நவம்பரில் மறுபடியும் அதே ஆலை, அதே பூட்ஸ்.

பார்தோல் போகிற போக்கில் இன்னொன்றும் சொல்லியிருந்தான். "உன் துணிப்பையைக் கரையிலேயே வெச்சுக்கோ. பை கரையில இருக்கிற வரைக்கும் நீ கேக்கலாம். படகுக்குள்ள போயிடுச்சுன்னா கெஞ்சத்தான் முடியும். கோபம் மட்டும் படாதே. உக்காந்து காபி குடி."

*

சனிக்கிழமை காலையில் அப்பா ஃப்ரானே சமையலறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். நீவெஸ் விஷயத்தைச் சொன்னாள். அவர் ரொட்டியை வெட்டுவதை நிறுத்தவில்லை.

ஃப்ரானே கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தவர். அந்தத் தளம் மூடப்படுவதற்கு முன் ஏழு மாதம் யாருக்கும் சம்பளம் கொடுக்கவில்லை. ஆனாலும் அவர் தினமும் விடிகாலையில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வேலைக்குப் போனார். தளம் போய்விட்டது. ஏழு மாதச் சம்பளமும் போய்விட்டது. இதை அவர் ஏமாந்த கதையாகச் சொல்ல மாட்டார், ஒரு நாள்கூட லீவு போடவில்லை என்று பெருமையாகத்தான் சொல்வார். அவரிடம் யோசனை கேட்டது நீவெஸின் தப்பு.

பொறுத்துப் போ, டிங்கோ ஓடியா போகப் போகிறான், ஸோரானாவின் முகத்தைப் பார் என்றார். சண்டை வந்தால் ஞாயிற்றுக்கிழமை நான் யார் வீட்டில் சாப்பிடுவது என்றும் கேட்டார். இந்தக் கடைசிக் கேள்விதான் உண்மையான கவலை. நீவெஸுக்கு அவர்மேல் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. அவர் தட்டில் இரண்டு தக்காளியை வெட்டி வைத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

சனிக்கிழமை என்றால் மரீனாவில் திருவிழாக் கூட்டம். பழைய விருந்தாளிகள் காலையில் இறங்குவார்கள், புதியவர்கள் சாயங்காலம் ஏறுவார்கள். நடுவில் இருக்கிற சில மணி நேரத்தில் பழைய விரிப்புகளை எடுத்து, படகைக் கழுவி, படுக்கை விரித்து, புதுசு போலக் காட்ட வேண்டும். டிங்கோவின் மூன்று படகுக்கும் அதைச் செய்வது ஸோரானா. ஆறு மணிக்கே வந்துவிடுவாள். நீவெஸும் கூடவே வந்து, சம்பளமில்லாத அந்த வேலையிலும் கை கொடுப்பாள்.

அன்று நீவெஸ் நேரே காபிக் கடைக்குப் போனாள். பெரிய படகு கட்டியிருந்த இடத்துக்கு எதிரே மேஜை பிடித்து, பையைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு காபி சொன்னாள், வந்ததும் அதற்கு அவளே காசு கொடுத்தாள். பணியாளர் வாங்கத் தயங்கினார். டிங்கோவின் வீட்டு ஆள் காசு கொடுப்பதை அவர் இதுவரை பார்த்ததில்லை.

பிறகு டிங்கோவுக்குக் கைபேசியில் எழுதினாள். ஐந்து வாரப் பாக்கி, இந்த வாரத்துக்குப் பாதி அட்வான்ஸ். இரண்டும் வந்த பிறகு படகில் ஏறுகிறேன். அனுப்புவதற்கு முன் 'தயவுசெய்து' என்று ஒரு வார்த்தை சேர்த்தாள், அழித்தாள், மறுபடி சேர்த்தாள். கடைசியில் அழித்துவிட்டு அனுப்பினாள்.

எங்கள் ஊரில் ஒரு காபியை வைத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்தாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். பார்தோலின் வழியில் அதுதான் சௌகரியம்.

*

டிங்கோ சிரித்துக்கொண்டேதான் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார், தனக்கும் அவளுக்கும் காபி சொன்னார். தன் காபிக்குக் காசு கொடுத்தாகிவிட்டது என்று நீவெஸ் சொன்னதும் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

முதலில் இதை வேடிக்கையாக மாற்றப் பார்த்தார். யார் உனக்கு மந்திரம் ஓதியது, பார்தோலா என்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து சில நோட்டுகளை எடுத்து மேஜையில் வைத்து, இதைச் செலவுக்கு வைத்துக்கொள் என்றார். நீவெஸ் அவற்றைத் தொடவில்லை. மூன்றாவது படகின் தவணை, எஞ்சின் ரிப்பேர், வங்கிக்காரனின் தொந்தரவு எல்லாவற்றையும் சொன்னார். அத்தனையும் உண்மைதான், அவளுக்கும் தெரியும்.

கடைசியில் அவர் முகம் நிஜமாகவே வாடிப்போயிற்று.

"சீசன் இல்லாத ஞாயித்துக்கிழமை எல்லாம் என் மேஜையில உக்காந்து சாப்பிடறே. என்கிட்டயே கையை நீட்டறியே, நீவெஸ்."

"சாப்பாட்டுக்கும் கணக்குப் போடுங்க அத்தான். கழிச்சுக்கிட்டு மீதியைக் கொடுங்க."

அவருக்குச் சுருக்கென்று தைத்தது. இந்தக் குடும்பத்தில் இதுவரை யாரும் சாப்பாட்டைக் கணக்கில் சேர்த்ததில்லை. சொன்னவளுக்கும் தைத்தது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

பார்தோலுக்கு முன்கூட்டியே கொடுக்கிறீர்கள், எனக்கு ஏன் இல்லை என்று கேட்டாள். டிங்கோ கொஞ்சமும் யோசிக்காமல் பதில் சொன்னார். அவன் வெளியாள், கொடுக்காவிட்டால் அடுத்த சனிக்கிழமை வேறு படகுக்குப் போய்விடுவான், நீ அப்படியா என்றார். அவர் இதைப் பாராட்டாகத்தான் சொன்னார் என்பதுதான் கொடுமை.

"ஜூலை மாசம். ஒரு ஸ்கிப்பரும் சும்மா இல்லை," என்றாள் நீவெஸ். "லைசென்ஸ் இருக்கிற ஒருத்தர் பேரைத் துறைமுக அலுவலகத்துல கொடுக்காம படகு நகரக்கூடாது. எனக்கு அவசரம் இல்லை. நான் இங்கேயே இருக்கேன்."

டிங்கோ எழுந்துகொண்டார். நோட்டுகளைத் திரும்ப எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஸோரானா வந்தாள்.

*

ஸோரானா தோளில் அழுக்கு விரிப்பு மூட்டையோடு வந்தாள். மூட்டையை இறக்கிவிட்டு, தங்கையின் காபிக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். ப்ளீச் பட்டு அவள் விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

புருஷன் சொல்லி அனுப்பியதை வரிசையாகச் சொன்னாள். இந்த விருந்தாளிகள் போகவில்லை என்றால் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். இணையத்தில் அசிங்கமாக எழுதுவார்கள். வங்கிக்காரன் மூன்றாவது படகை எடுத்துக்கொண்டு போவான். நீவெஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"பார்தோலுக்கு முன்னாடியே பணம் போறது உனக்குத் தெரியுமா அக்கா?"

ஸோரானா தண்ணீர் டம்ளரைச் சுற்றினாள்.

"நான்தானே அனுப்பறேன். அவர் சொல்வார், நான் பட்டனை அமுக்குவேன்."

நீவெஸ் அக்காவின் வெளுத்த விரல்களைப் பார்த்தாள். டிங்கோ கொடுக்காதது வேறு. அக்கா ஒவ்வொரு வாரமும் பார்தோலுக்குப் பணம் அனுப்பிவிட்டு, அதே கையால் தனக்குச் சூப் ஊற்றியிருக்கிறாள்.

"அப்போ ஒரு தடவைகூட என் பேர் உன் ஞாபகத்துக்கு வரலையா?"

"வந்துச்சு. உனக்கு அப்புறம் கொடுத்துக்கலாம்னு சொன்னார். நானும் சரின்னேன். நீ எங்கே போயிடப் போறே? நான் மட்டும் எங்கே போயிடப் போறேன்? எனக்கு யார் அனுப்பறாங்க?"

அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கவேண்டும் என்று ஸோரானா நினைத்து வரவில்லை. அது தானாக வாயிலிருந்து விழுந்துவிட்டது. வெளியிலிருந்து ஒருத்தியை வைத்தால் ஒரு படகைக் கழுவ என்ன கேட்பாள் என்று நீவெஸ் கேட்டாள். ஸோரானாவுக்கு அந்த விலை நன்றாகத் தெரியும். போன வருடம் அவள் முதுகு பிடித்துக்கொண்டு படுத்திருந்தபோது டிங்கோ அந்த விலையைக் கொடுத்துத்தான் ஆள் வைத்தார். அன்றே, கையோடு கொடுத்தார்.

அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். தங்கையைச் சமாதானம் செய்ய வந்ததை மறந்தே போனாள்.

*

விருந்தாளிகள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். ஸ்லோவாக்கியாவிலிருந்து நாலு பள்ளி ஆசிரியைகள், அவர்களில் ஒருத்தியின் கணவர். இரண்டு தர்ப்பூசணி, ஒரு பெட்டி ஆட்டுப்பால் சீஸ், வீட்டில் வடித்த பிளம் சாராயம் ஒரு பாட்டில். வ்லாஸ்தா என்கிற இயற்பியல் ஆசிரியை நீவெஸின் கையைப் பிடித்துக் குலுக்கி, மூன்று வருடம் சேர்த்து வைத்து வந்திருக்கிறோம் என்றாள். அவர்கள் மொழியும் எங்கள் மொழியும் பங்காளிகள். மெதுவாகப் பேசினால் ஒருவருக்கொருவர் புரிந்துவிடும்.

வ்லாஸ்தா ஒரு உறையை எடுத்து நீட்டினாள். படகுக்குச் சேதம் ஏதாவது ஆனால் பிடித்துக்கொள்வதற்காகக் கட்டுகிற டெபாசிட், ரொக்கமாக. முன்பு வேறு படகில் வந்தபோது அதை ஸ்கிப்பரிடம்தான் கொடுத்தார்களாம்.

நீவெஸுக்கு ஆசை வந்தது. வராமல் எப்படி இருக்கும்? உறை தடிமனாக இருந்தது. ஒரு வாரச் சம்பளத்துக்கு மேலேயே இருக்கும். வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, என் பாக்கியில் கழித்துக்கொள்ளுங்கள் அத்தான் என்று சொல்லிவிடலாம். அவரால் என்ன செய்துவிட முடியும்? ஆனால் ஊர் திரும்புகிற அன்று இந்த ஆசிரியைகள் டெபாசிட்டைக் கேட்டு யார் பின்னால் அலைவார்கள் என்ற யோசனையும் கூடவே வந்தது.

"இது என் பணம் இல்லை, படகுப் பணம். உள்ளே என் அக்கா இருக்காங்க, அவங்க கையில கொடுங்க," என்றாள். பிறகு நடந்ததை உள்ளது உள்ளபடி சொன்னாள். நீங்கள் கட்டிவிட்டீர்கள். அதில் என் சம்பளம் எனக்கு இன்னும் வந்து சேரவில்லை. வந்ததும் கிளம்பலாம்.

வ்லாஸ்தாவின் தோழிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போன வருடம்தான் சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்து ஜெயித்தவர்களாம். ஒருத்தி கத்தியை எடுத்துத் தர்ப்பூசணியை வெட்ட ஆரம்பித்தாள். அந்தக் கணவர் ரூடோ மட்டும் கடுகடுத்தார். நாங்கள் முழுப் பணமும் கட்டியாகிவிட்டது, உங்கள் குடும்பப் பஞ்சாயத்து எங்களுக்கு எதற்கு என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நீவெஸ் டிங்கோவின் எண்ணை அவரிடம் கொடுத்தாள். ரூடோ போன் செய்து பேசியது பக்கத்து மேஜைகளுக்கெல்லாம் கேட்டது.

டிங்கோ இந்தத் தடவை சிரித்துக்கொண்டு வரவில்லை. மாற்றுச் சட்டை ஒன்றைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"சரி நீவெஸ். நீ வீட்டுக்குப் போ," என்றார். "நானே ஓட்டறேன்."

நீவெஸ் இதை எதிர்பார்க்கவில்லை. டிங்கோவுக்கும் லைசென்ஸ் உண்டு. அவளுக்குத் தெரியாததில்லை. ஆனால் பல வருடமாக அவர் படகை மரீனாவுக்குள் இங்கிருந்து அங்கே நகர்த்தியதைத் தவிர வேறெதுவும் செய்து யாரும் பார்த்ததில்லை. அதனால் அவரை ஸ்கிப்பராக எண்ணிப் பார்க்கவே அவளுக்குத் தோன்றவில்லை. வேறு ஸ்கிப்பர் கிடைக்க மாட்டார் என்பதுதான் அவளிடம் இருந்த ஒரே பிடி. அதுவும் இப்போது நழுவிவிட்டது. அவர் ஒரு வாரம் கடலில் இருந்தால் போதும். இந்த வாரச் சம்பளமும் மிச்சம், அக்டோபரில் கேட்கிற தைரியமும் அவளுக்கு இருக்காது. நவம்பர் மாதத்து ஆலையின் குளிர் அந்த வெயிலிலேயே முதுகில் ஏறியது.

டிங்கோ விருந்தாளிகளின் பெட்டியை எடுத்துப் படகுக்கு ஏறும் பலகையில் கால் வைத்தார். மேலே, படகின் வாசலில் ஸோரானா நின்றிருந்தாள். கையில் நாலைந்து தலையணை உறைகள். அவள் வழி விடவில்லை.

"நீ போயிட்டா மத்த ரெண்டு படகையும் யார் விருந்தாளிங்ககிட்ட ஒப்படைக்கிறது?" என்று கேட்டாள்.

"நீதான். வேற யாரு?"

"வாரம் பூரா போன் வரும். முன்பதிவு வரும். புதன்கிழமை எஞ்சின்காரன் வருவான்."

"நீ பாத்துக்க மாட்டியா ஸோரானா? எப்பவும் நீதானே பாக்கறே."

"பாக்கறேன். எனக்கு எவ்வளவு?"

டிங்கோவுக்கு முதலில் புரியவில்லை. மனைவி விளையாடுகிறாள் என்று நினைத்தார். அவள் முகத்தைப் பார்த்த பிறகு பெட்டியைக் கீழே வைத்தார். ஸ்லோவாக்கியர்களுக்கும் விஷயம் புரிந்திருக்க வேண்டும். தர்ப்பூசணி வெட்டுவது நின்றுவிட்டது.

ஸோரானா பலகை வழியே இறங்கி வந்து தங்கையின் மேஜையில், தங்கைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தலையணை உறைகளை மடியில் வைத்துக்கொண்டாள். சின்னப் படகுகள் இரண்டிலும் இன்னும் படுக்கை விரிக்கவில்லை என்று புருஷனுக்குத் தகவல் சொன்னாள். சண்டைக்காரக் குரல் இல்லை. கடையில் உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரல்.

ஒரு படகை டிங்கோவால் கொண்டு போக முடியும். மூன்றைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. இத்தனை நாள் அவற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது யார் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது என்று நான் நினைக்கிறேன். அவரைக் கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

மேஜைக்கு வந்து, நீவெஸுக்கு எதிரில் உட்கார்ந்து, கைபேசியில் வங்கியைத் திறந்தார். மொத்தமும் இல்லை என்றார். அது பொய்யில்லை, திரையை அவளிடமே காட்டினார். மூன்று வாரப் பாக்கி இப்போது, இந்த வாரத்துக்குப் பாதி அட்வான்ஸ் இப்போது, மீதியெல்லாம் அடுத்த சனிக்கிழமை.

"அடுத்த சனிக்கிழமைன்னு வாயால சொல்லாதீங்க அத்தான். எனக்கு எழுதி அனுப்புங்க. இனிமே ஒவ்வொரு முன்பதிவுக்கும் பார்தோலுக்கு எப்படியோ எனக்கும் அப்படியேன்னும் எழுதுங்க."

"என்னை நம்பலையா நீ?"

"நம்பறேன். நம்பித்தான் அஞ்சு வாரம் ஓட்டினேன். எழுதுங்க."

அவர் ஒற்றை விரலால் மெதுவாக எழுதினார். எழுத்துப் பிழையோடு வந்தது, ஆனால் எல்லாம் இருந்தது. பணம் வந்த சத்தம் கேட்கும்வரை நீவெஸ் அசையவில்லை. கேட்டதும் திரையைத் திறந்து தொகையைப் பார்த்தாள். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள், ஆனால் அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. அதை யாருக்கும் காட்டாமல் குனிந்து பையை எடுத்தாள்.

ஆசிரியைகள் கை தட்டவில்லை, நல்லவேளை. தர்ப்பூசணித் துண்டுகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு படகில் ஏறினார்கள். வ்லாஸ்தா டெபாசிட் உறையை ஸோரானாவிடம் கொடுத்தாள். ஸோரானா அதைத் தலையணை உறைகளுக்கு மேல் வைத்தாள். ரூடோ கடைசியாக ஏறினார். நீவெஸைக் கடக்கும்போது, தானும் டயர் கடை நடத்துகிறவன்தான், மைத்துனன் ஒருவன் தனக்கும் பாக்கி வைத்திருக்கிறான் என்று முணுமுணுத்தார்.

நீவெஸ் எஞ்சினைப் போட்டாள். பின்பக்கக் கயிற்றைக் கரையிலிருந்து எடுத்துப் போடுவது எப்போதும் ஸோரானாதான். இன்று அவள் எழுந்து வரவில்லை. பக்கத்துப் படகுக்காரர் வந்து எடுத்துப் போட்டார். படகு மெல்ல விலகியது.

டிங்கோ நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு, பணியாளருக்குக் கண் ஜாடை காட்டி, மேஜையில் இருந்த எல்லாவற்றுக்கும் காசு கொடுத்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, எழுந்திரு ஸோரானா, நேரமாகிவிட்டது என்றார். மரீனா வாசல் பக்கமிருந்து பெட்டிகளை உருட்டிக்கொண்டு அடுத்த இரண்டு படகுகளின் விருந்தாளிகள் வந்துகொண்டிருந்தார்கள். இரண்டு குடும்பங்கள், குழந்தைகள், ரப்பர் மிதவைகள்.

ஸோரானா டெபாசிட் உறையை எடுத்து அவரிடம் நீட்டினாள். தலையணை உறைகளை மேஜையின் நடுவில் வைத்தாள்.

"நான் கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லலை, டிங்கோ," என்றாள்.

"நீ என் பொண்டாட்டி."

"அதனாலதான் நாலு வருஷமா கேக்கலை."

டிங்கோ வாசலைப் பார்த்தார், படுக்கை விரிக்காத இரண்டு படகுகளைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து மறுபடியும் உட்கார்ந்தார்.